முன் சக்கர பிரேக் பேடு: பத்து நிமிடம் பேடுக்கு, ஒரு மணி நேரம் துருவுக்கு

பழைய பேடை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவது பத்து நிமிட வேலை. அதை மட்டும் செய்து காரை இறக்கி அனுப்பும் ஷெட்டுகளும் உண்டு. ஒரு மாதத்தில் கீச்சென்று சத்தம், ஆறு மாதத்தில் நான்கு பேடில் ஒன்று மட்டும் தேய்ந்து தகடு தெரிவது எல்லாம் அதன் பலன். பேடு உட்காரும் பள்ளத்தில் படிந்த துருவைச் சுரண்டுவதும், கேலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் பேடை அழுத்தும் கவ்வி) நகரும் பின்களை உருவித் துடைத்துக் கிரீஸ் வைப்பதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. வீட்டில் செய்வதன் பெரிய லாபமும் இங்கேதான்: அடுத்த வண்டி காத்திருக்கிறது என்று அவசரப்படுத்த ஆளில்லை.

இங்கே சொல்வது ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10 போன்ற சிறிய கார்களின் முன் சக்கரத்துக்கு. இவற்றில் இருப்பது பேடைத் தள்ளும் ஒரே பிஸ்டன் கொண்ட, பக்கவாட்டில் நகரும் கேலிப்பர். பின்னால் பெரும்பாலும் டிரம் பிரேக். அதில் பேடு கிடையாது, ஷூதான், அது வேறு கதை. பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில் பிடிக்கும் வண்டி என்றால் பிஸ்டனை நேராக அமுக்கக் கூடாது. திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டனை அழுத்திப் போடும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்கில் மோட்டாரை முதலில் பின்வாங்க வைக்க வேண்டும், பல வண்டிகளில் அதற்கு ஸ்கேனர் கேட்கும். முதல் முயற்சிக்கு இவை இரண்டும் வேண்டாம்.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

புதிய பேடில் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள் ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும். அது 3 மி.மீ. ஆனதும் புதியது வாங்கிவிடலாம். 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டுவது டிஸ்கைப் பணயம் வைப்பது. பல பேடுகளில் ஒரு சிறு எஃகு நாக்கு இருக்கும்; பேடு தேய்ந்து கடைசி நிலைக்கு வந்ததும் அது டிஸ்கைத் தொட்டு, மெல்லிய விசில் போலக் கத்தும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிறகு வருவது கரகரவென்ற சத்தம். அப்போது இரும்புத் தகடே டிஸ்கை உழுதுகொண்டிருக்கிறது.

சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்த்து, “இன்னும் பாதி இருக்கிறது” என்று திருப்திப்படுபவர்கள் கவனிக்க: அப்படிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும். பல வண்டிகளில் முதலில் தீர்வது உள்பக்கப் பேடு. சக்கரத்தைக் கழற்றினால்தான் இரண்டும் தெரியும்.

இன்னொரு அடையாளம் பானெட்டுக்குள் இருக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கீழே இறங்குகிறது. மட்டம் குறைந்து டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், உடனே ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பது பலரின் வழக்கம். முதலில் பேடைப் பார்க்க வேண்டும். பேடு நன்றாக இருந்தும் மட்டம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

வாங்க வேண்டியவை

முன் பேடு ஒரு செட் என்றால் நான்கு துண்டு. இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. இரு பக்கமும் வேறு வேறு அளவில் பிடித்தால் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கடையில் காரின் பெயரைச் சொன்னால் போதாது. தயாரித்த ஆண்டு, பெட்ரோலா டீசலா, எந்த வேரியண்ட் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த கார்களில் கேலிப்பர் மாறியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணை எடுக்கச் சொல்லலாம். கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவதோ, ரானே, டிவிஎஸ் கர்லிங், பாஷ் போன்ற பெயர்களில் வருவதோ எதுவானாலும் சரி. சீல் உள்ள பெட்டி, பில், பேடின் பின்தகட்டில் அச்சிட்ட எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாப் பேடு பிரேக் பிடிக்கும்தான். சூடானபின் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்குங்கள், பேடு வேண்டாம்.

பேடோடு பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒரு கேன், பின்னுக்கு வைக்கும் சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறு பாக்கெட், டாட் 4 பிரேக் ஆயில் 250 மில்லி. சிலிக்கான் கிரீஸ் கிடைக்கவில்லை என்று பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸைத் தடவிவிடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர் ஊறி உப்பும். பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழியும், பின் இறுகும். டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

கருவிகளில் வண்டியோடு வந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர் தவிர ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டு, 12, 14, 17 அளவு ரிங் ஸ்பேனர், 6 அங்குல ஜி கிளாம்ப், வயர் பிரஷ், தட்டைத் திருப்புளி, கொஞ்சம் கட்டுக்கம்பி, மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சு, தடிமன் அளக்க வெர்னியர். வீல் நட் மாருதியில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம். பேடு தூளை ஊதியோ காற்றடித்தோ சுத்தம் செய்யக் கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததா இல்லையா என்று தூளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தூக்குவது

சமமான, கெட்டியான தரை வேண்டும். வாசல் சரிவிலும் மண்ணிலும் இந்த வேலை கிடையாது. முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக்கில் பி), ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கியபின் தளர்த்தப் போனால் ஜாக்கியின் மேல் வண்டி ஆடும். கதவுக்குக் கீழே தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கும். ஜாக்கியின் தலை அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். தூக்கியதும் ஆக்சில் ஸ்டாண்டை உறுதியான இடத்தில் கொடுத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது விரிசல் விட்டு எச்சரிக்காது, நொறுங்கிவிடும். கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவைப்பது இரண்டாவது காவல்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். எந்தக் கிளிப் எங்கே என்று குழம்பினால் மறுபக்கம் முழுசாக இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பிரிக்கும் முன் நாலைந்து போட்டோ எடுத்துவிடுங்கள்.

கேலிப்பரைப் பிரிப்பது

ஸ்டியரிங்கைத் திருப்பி, கேலிப்பரின் பின்புறம் வெளியே பார்க்கும்படி வையுங்கள். பின்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சிறிய போல்ட் இருக்கும், 12 அல்லது 14 அளவில். அவைதான் கேலிப்பரை நகரும் பின்களோடு பிடித்திருப்பவை. அவற்றுக்கு உள்ளே பெரிய போல்ட் இரண்டு தெரியும், பெரும்பாலும் 17. அவை பேடு உட்காரும் பிராக்கெட்டை வண்டியோடு பிடித்திருப்பவை. டிஸ்க் மாற்றினால்தான் அவற்றைத் தொட வேண்டும்.

சிறிய போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் கூடவே சுற்றினால், பின்னின் தலையில் உள்ள தட்டை முகத்தில் இன்னொரு ஸ்பேனரைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் ரப்பர் பூட் முறுக்கிக் கிழியும்.

கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி, கேலிப்பரை மேலே தூக்கிவிட்டு பேடை மாற்றுவது வேகமான வழி. அப்படிச் செய்தால் மேல் பின்னைச் சுத்தம் செய்ய முடியாது; இறுகிப்போவது எந்தப் பின் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே இரண்டையும் கழற்றுங்கள். வெளியே வந்த கேலிப்பரை பிரேக் ஹோஸில், அதாவது ஆயில் வரும் ரப்பர் குழாயில், தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியால் சுருள் கம்பியில், அதாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில், கட்டி நிறுத்துங்கள். தொங்கும் எடையில் ஹோஸின் உள் அடுக்கு பிரியலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது, பல மாதம் கழித்து பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணத்திலிருந்து வேலை முடியும்வரை யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும், ஆயில் கொட்டும், காற்று புகும். குழந்தைகள் டிரைவர் சீட்டில் ஏறி விளையாடும் வீடு என்றால் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பேடு சொல்லும் சேதி

கழற்றிய இரண்டு பேடையும் குப்பையில் போடும் முன் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கேலிப்பர் ஒழுங்காக நகர்ந்திருக்கிறது.

உள்பேடு வெகுவாகத் தேய்ந்து வெளிப்பேடு தடிமனாகவே இருந்தால் இரண்டு காரணம். ஒன்று, பின் இறுகிவிட்டது: பிஸ்டன் உள்பேடை மட்டும் தள்ளுகிறது, கேலிப்பர் நகர்ந்து வந்து வெளிப்பேடை இழுக்க முடியவில்லை. மற்றது, பிஸ்டன் பின்வாங்கவில்லை. பின் இரண்டையும் விரலால் உள்ளே வெளியே நகர்த்திப் பாருங்கள்; வெண்ணெய் போல வழுக்கினால் குற்றம் பிஸ்டனுடையது. ஒரே பேடு மேல்முனையில் தடித்தும் கீழ்முனையில் மெலிந்தும் ஆப்பு போல இருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும், அல்லது பேடின் காது பிராக்கெட் பள்ளத்தில் துருவோடு சிக்கியிருக்கும். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பேடு போட்டால் அதுவும் அதே உருவில்தான் திரும்பி வரும்.

பேடின் முகம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தாலோ, பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் கிழிந்திருந்தாலோ, கேலிப்பர் ஈரமாக இருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சீல் கிட் போட வேண்டும், அதற்கு மெக்கானிக்தான்.

டிஸ்க்

டிஸ்கின் ஓரத்திலோ நடுக்குமிழிலோ குறைந்தபட்சத் தடிமன் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தவும் வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அளக்கும்போது ஒரு சிக்கல்: டிஸ்கின் வெளி விளிம்பில் பேடு தொடாத இடம் தேயாமல் திட்டாக நிற்கும், வெர்னியரின் தாடை அதில் இடித்துக் கூடுதல் அளவைக் காட்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை டிஸ்கின் இரு பக்கமும், விளிம்புக்கு உள்ளே தள்ளி வைத்துச் சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிட்டால் சரியான கணக்கு வரும்.

நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கோடுகள், நீலம் பாய்ந்த திட்டுகள், விரிசல் இருந்தால் டிஸ்கையும் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும் வண்டிக்குப் பேடு மட்டும் மாற்றிப் பயனில்லை. டிஸ்க் ஒழுங்காக இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளால் இரு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்து, கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும்.

துரு

பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் நான்கு பள்ளங்களிலும் ஒரு மெல்லிய எஃகுக் கிளிப் மாட்டியிருக்கும். அதைக் கழற்றினால் அடியில் துரு அடுக்கடுக்காக இருக்கும். கடற்கரை ஊர்க் கார்களில் இதைப் பார்த்தால் பேடு எப்படி இத்தனை நாள் நகர்ந்தது என்று வியப்பே வரும்.

இங்கே துருவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பிரேக்கை விட்டதும் பேடை விலக்க ஸ்பிரிங் எதுவும் பெரும்பாலான கேலிப்பர்களில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம் அழுத்தத்தில் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. அவ்வளவுதான் கிடைக்கும் விலகல். கிளிப்புக்கு அடியில் அரை மி.மீ. துரு வீங்கினால் கிளிப் மேலே எழும்பிப் பேடின் காதை இறுக்கிவிடும். பேடு டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும். மைலேஜ் குறையும், சக்கரம் சுடும், பேடு பாதி வயதில் தீரும்.

திருப்புளியால் அடுக்கைப் பெயர்த்து, வயர் பிரஷ் போட்டு, கறுப்பு இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அரம் போட்டு இரும்பையே குறைத்துவிட வேண்டாம், பேடு ஆடி டொக்கென்று தட்டும். பேடு பெட்டியில் புதிய கிளிப் வந்திருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் பழையதைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம், ஆனால் வளைந்ததும் விறைப்பு இழந்ததும் ஆகாது. புதிய பேடை வெறுமனே பள்ளத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். விரல் அழுத்தத்தில் நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் துரு இருக்கிறது, அல்லது காதில் பெயிண்ட் தடித்திருக்கிறது.

அடுத்து பின்கள். பூட்டோடு இழுத்து உருவி, பழைய கிரீஸை பனியன் துணியால் துடைத்துவிடுங்கள். பின் போகும் துளைக்குள்ளும் கிளீனர் அடித்து, சுருட்டிய துணி விட்டுக் காயவையுங்கள். பல வண்டிகளில் மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றல்ல; ஒன்றின் முனையில் ரப்பர் உறை இருக்கும் அல்லது ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். இடம் மாறினால் கேலிப்பர் இறுகும் அல்லது கடகடக்கும். துருப்பள்ளம் விழுந்த பின்னைத் தேய்த்து மீட்க முயல வேண்டாம், பூட்டோடு கிட்டாக விற்கிறார்கள். சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளையை நிரப்பினால் காற்றும் கிரீஸும் அடைபட்டு, உள்ளே தள்ளிய அந்தப் பின் தானாகவே வெளியே வரும். செருகியபின் பூட்டின் உதடு பின்னின் காடியில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகும் வழி அதுதான்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது

புதிய பேடு தடிமன் அதிகம், ஆகவே பிஸ்டன் முழுக்க உள்ளே போக வேண்டும். அது போகும்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி ஏறும். நடுவில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்து பெயிண்டில் கொட்டும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றித் துணி வைத்து, மட்டம் மேல்கோட்டுக்கு அருகில் இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். சிந்தினால் துடைப்பது போதாது, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பழைய உள்பேடைப் பிஸ்டனின் முகத்தில் வைத்து, ஜி கிளாம்பின் திருகு அதன் நடுவில் அழுத்தும்படி மாட்டி, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். மெதுவாக, சீரான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். பாதியில் நின்றால் சக்தியைக் கூட்டாதீர்கள். பிஸ்டன் கோணலாகிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. திருப்புளியை நெம்புகோலாக்கி டிஸ்க் மேல் ஊன்றித் தள்ளும் முறையில் பிஸ்டனின் ரப்பர் உறை கிழியும்.

கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளினால் அழுக்கு ஆயில் ஏபிஎஸ் பக்கம் ஏறாது என்று ஒரு கட்சி உண்டு. காரணம் நியாயமானதுதான். ஆனால் நிப்பிளை மூட ஒரு நொடி தாமதித்தால் காற்று புகும், துருப்பிடித்த நிப்பிள் முறிந்தால் கேலிப்பரே போச்சு. முதல்முறை செய்பவர் திறக்காமல் மெதுவாகத் தள்ளுவதே மேல்.

ஆயிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதற்கான வரையறை 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூடு எட்டக்கூடியதே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

மாட்டுவது

பேடின் காதில் மட்டும், கிளிப்பைத் தொடும் இடத்தில், வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மிகமிக மெல்லியதாகத் தடவலாம். பின்தகட்டில் பிஸ்டன் தொடும் வட்டத்திலும் அப்படியே, சத்தம் அடக்கும் மெல்லிய தகடான ஷிம் ஏற்கனவே ஒட்டியிருந்தால் அதுவும் வேண்டாம். முகத்தில் பட்டுவிட்டால் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். பழைய பேடில் ஊறிப்போன எண்ணெய்க்கு அந்த வைத்தியம் இல்லை.

சத்தம் எழுப்பும் நாக்கு உள்ள பேடு பெரும்பாலும் உள்பக்கம் போகும். நாக்கு மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்பது வண்டிக்கு வண்டி மாறும், எடுத்த போட்டோவைப் பாருங்கள். உராய்வு முகம் டிஸ்கைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். தகட்டை டிஸ்க் பக்கம் திருப்பி மாட்டிய வண்டிகள் ஷெட்டுக்கு வருவதுண்டு.

கேலிப்பரை மேலே இறக்கி, ஹோஸ் முறுக்கு இல்லாமல் பழைய வளைவிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். இறுக்கும் அளவு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இந்த வகைச் சிறிய போல்ட்டுக்குப் பொதுவாக 22 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான். சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் போதும். இதை வீல் நட் போல இறுக்கி, பின்னுக்குள் மரையை அறுப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்து என்று, கையால் ஏற்றி, வண்டியை இறக்கியபின் முழுதாக இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தால் நட் இறுகும், கூடவே டிஸ்கும் கோணலாகும்; ஒருநாள் நடுரோட்டில் பஞ்சர் ஆனால் கழற்றவும் முடியாது. மறுபக்கத்தையும் இதேபோல முடியுங்கள். முதல் சக்கரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனால் இரண்டாவது பாதி நேரத்தில் முடியும்.

நகர்த்தும் முன்

இரண்டு பக்கமும் மாட்டியபின், இஞ்சினைத் தொடும் முன், பிரேக் பெடலை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு பேடுக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறது. முதல் மிதியில் பெடல் அப்படியே தரைக்குப் போகும், பிரேக் துளியும் பிடிக்காது. இதை மறந்து ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்தவர்கள் சுவரில் போய் நிற்பார்கள். பெடலைப் பாதி தூரம் மட்டும் அழுத்தி அழுத்தி விடுங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை. பழைய வண்டியில் அடிவரை மிதித்தால், ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் இதுவரை போகாத துருப்பகுதியில் உரசி அடிபடும். பெடல் கல் போல உயரத்தில் நின்றதும் ஆயில் மட்டத்தைப் பார்த்து, கோடு வரை ஊற்றி மூடுங்கள். இஞ்சினைப் போட்டதும் பெடல் ஒரு துளி இறங்கும், அது மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பஞ்சு போல அமுங்கிக்கொண்டே போனால் காற்று புகுந்திருக்கிறது, பிளீடிங் செய்யாமல் தெருவில் இறக்காதீர்கள்.

வாசலிலேயே நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்த்தபின், நெரிசல் இல்லாத சாலையில் பேடையும் டிஸ்கையும் பழக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு நடுத்தர அழுத்தத்தில் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, அரை நிமிடம் காற்றில் ஆறவிட்டு மீண்டும், இப்படி எட்டு முதல் பத்து தடவை. முழுவதும் நிறுத்தி, சூடான பேடை டிஸ்கில் அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது. பேடு ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு பிறகு அதிரும். முதல் 300 கி.மீ. வரை அவசர பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள். லேசான கருகல் வாடை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, புகை வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பிறகு ஏதாவது வந்தால்

கீச்சொலி பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காததால், ஷிம் விட்டுப்போனதால், அல்லது பேடு இன்னும் பழகாததால். மழைக்கால காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் வரும் கரகரப்பு டிஸ்கில் இரவில் பூத்த மெல்லிய துரு, தானே போய்விடும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத்தைச் சந்தேகிக்கத் தோன்றும். இழுக்கும் பக்கம் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. வலப்பக்கத்துப் பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம் அல்லது பின் இறுகியிருக்கலாம். பத்து கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் தானே உருண்டு நிற்கவிட்டு, இரண்டு முன் சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பேடு விடாமல் உரசுகிறது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். லேசான உரசல் ஒலி இருக்கலாம், கை வலிக்கச் சுற்ற வேண்டியிருந்தால் பிரித்துப் பின்னையும் பள்ளத்தையும் மறுபடி பாருங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள், அலாய் வீல் என்றால் தவறாமல். பழைய பேடுகளில் அதிகம் தேய்ந்த ஒன்றின் தடிமனை அளந்து, கிலோமீட்டர் கணக்கோடு சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த செட் எப்போது வாங்க வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டி, உங்கள் ரோடு, உங்கள் கால் மூன்றும் சேர்ந்த கணக்கு அதுதான்.